மீதி எட்டு

மார்க்கிரட்டிடம் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், கேட்டவர் பாவம். புழுவின் பின்பக்கத்தைப் பார்க்கும் வேலை என்று நேராகவே சொல்லிவிடுவார். பிரிக்பீல்ட்ஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில், இந்தப் பதிலைக் கேட்ட திகைப்பில் லிஃப்டை விட்டு வேறு மாடியில் இறங்கிப் போனவர்கள்கூட உண்டு.

ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. செடியின் வேருக்குள் நூற்புழு புகுந்து குடித்தனம் நடத்தினால் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். ஒரு முடிச்சைப் பிளந்தால், உள்ளே குண்டூசித் தலை அளவுக்குப் பெண் புழு ஒன்று வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். அதன் பின்பக்கத் தோலை வெட்டி, ஸ்லைடில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கைரேகை போலக் கோடுகள் தெரியும். அந்தக் கோட்டைப் படித்துப் புழு எந்த இனம் என்று சொல்ல வேண்டும். கிள்ளானில் உள்ள ஒரு சின்னப் பயிர் ஆய்வுக்கூடத்தில் மார்க்கிரட் இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறார்.

"ஆன்டி பாத்தா பாத்ததுதான்" என்று கூட வேலை பார்க்கும் லோகேஸ்வரி ஊரெல்லாம் பெருமை பேசுவாள். பேர் வாங்குவதில் இது ஒரு தொல்லை. அது மெல்ல மெல்லத் தலைக்கு ஏறும், ஏறுவது மட்டும் தெரியாது.

அந்த லோகேஸ்வரியின் அத்தைதான் வீரம்மா. தெலுக் பங்லிமா காராங்கில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போடுகிறவர். போன போகத்தில் பாதிச் செடி மஞ்சளாகி வாடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை, பிடுங்கிய வேர்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"இந்த வாட்டியும் மொளகா வெளங்கலேன்னா நெலத்துக்காரன் விடமாட்டான் டாக்டர். லோரி நிப்பாட்ட எடம் கேட்டு ஃபேக்டரிக்காரன் அவன் பின்னாடியே சுத்துறான்."

மார்க்கிரட் டாக்டர் இல்லை. பலமுறை சொல்லியும் வீரம்மா கேட்பதாயில்லை.

கேள்வி எளிதானதுதான். வழக்கமாக வரும் வேர்முடிச்சுப் புழுவைத் தாங்கி நிற்கும் மிளகாய் நாற்று இருக்கிறது. வீரம்மா அதற்குச் சொல்லியும் வைத்துவிட்டார், வெள்ளிக்கிழமை காலையில் லோரி வந்துவிடும். ஆனால் இதே குடும்பத்தில் இன்னொரு இனம் உண்டு. கொய்யா என்றால் அதற்கு உயிர், மிளகாயையும் விடாது. அது எந்த நாற்றையும் சட்டை செய்யாமல் தின்றுவிடும். வந்திருப்பது இரண்டில் எது?

ஒரு மாதிரிக்குப் பத்து ஸ்லைடு பார்க்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் முறை. மார்க்கிரட் பத்தும் செய்து வைத்தார். செவ்வாய்க்கிழமை மதியம் வீரம்மா முடிவு கேட்டு வந்து மேசைக்கு எதிரே நின்றபோது முதலாவதை வைத்துப் பார்த்தார். கோடுகள் சதுரமாக உயர்ந்து வளைந்திருந்தன. வழக்கமான இனம்தான். இரண்டாவதும் அப்படியே. நிமிர்ந்து, "சாதாரணப் புழுதான் அக்கா. தைரியமா நடுங்க" என்றார். மீதி எட்டும் பெட்டிக்குள் போயின. வீரம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் மார்க்கிரட் தன் வீட்டுப் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கொய்யாக் கன்றின் இலை பழுத்திருப்பதைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் லோகேஸ்வரியின் கல்யாணத்தில் கிடைத்த கன்று அது. தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதைவிட ஆளுக்கொரு கன்று கொடுக்கலாமே என்று யோசனை சொன்னதே மார்க்கிரட்தான். முந்நூறு கன்றுகள் நர்சரியிலிருந்து வந்து, கிள்ளானில் மண்டப வாசலில் வரிசையாக நின்ற அழகை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

தொட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அதில் கொத்துக் கொத்தாக முடிச்சு.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொன்னால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான். இருபத்தாறு வருடமாகத் தேடிப் போய்ப் பார்த்த புழு தானாகவே வீடு தேடி வந்திருக்கிறதே! வேரை வெட்டி ஈரத் துணியில் சுற்றி, இராத்திரிச் சாப்பாட்டுக்குமுன் மூன்றுமுறை பிரித்துப் பார்த்தார்.

வியாழன் காலை முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்துப் போய், கொய்யாப் புழுவில் பத்து ஸ்லைடு செய்தார். கோடுகள் சதுரமாக இல்லை. வளைவு உருண்டு, வழவழவென்று இருந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்களை அளந்தார், வால் வழக்கமான இனத்தைவிட நீளமாக இருந்தது. பத்தும் அந்தப் பொல்லாத இனத்தைத்தான் காட்டின. இதுவரை வெறும் ஆர்வம்தான். அப்புறம்தான் ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடியது. புழு நர்சரியிலிருந்தே வந்திருந்தால், முந்நூறு கன்று, முந்நூறு வீடு. லோகேஸ்வரியின் அத்தை வீரம்மா மட்டும் வாங்காமலா போயிருப்பார்?

பெட்டியைத் திறந்து மீதி எட்டையும் எடுத்தார்.

மூன்றாவதில் வளைவு உருண்டிருந்தது. நான்கு, ஐந்து, ஆறிலும் அப்படியே. ஏழாவது மட்டும் சதுரம். எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் உருண்டை. வீரம்மாவின் நிலத்தில் இரண்டு இனமும் சேர்ந்தே குடியிருந்தன. மார்க்கிரட் பார்த்ததில் பிழையில்லை, பாதியில் நிறுத்தியதுதான் பிழை. வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகியது. எட்டு ஸ்லைடு பார்க்க இருபது நிமிடம் ஆகியிருக்குமா?

"மரபணு டெஸ்ட் ஒண்ணு ஓட்டும்மா, இன்னிக்கே வேணும்" என்று லோகேஸ்வரியிடம் கொடுத்தார். மாலை ஐந்து மணிக்கு லோகேஸ்வரி முகம் செத்துப்போய் வந்தாள். "கண்ணால பாத்தது கரெக்ட் ஆன்டி. அதேதான்."

மார்க்கிரட் வீரம்மாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, உங்க தோட்டத்துல கொய்யா மரம் இருக்கா?"

"இல்லாம? லோகா கல்யாணத்துல குடுத்தீங்களே! தண்ணித் தொட்டிகிட்ட நட்டு வெச்சிருக்கேன். அது நெழல்லதான் நாத்தையெல்லாம் அடுக்கி வெப்பேன். ஏன் கேக்குறீங்க?"

"நாளைக்கு நடாதீங்க. நான் நேர்ல வர்றேன்."

"எட்டு மணிக்கு லோரி வந்துரும்லா."

"ஏழரைக்கே வந்துடுறேன்."

வந்தும் விட்டார். லோகேஸ்வரியின் கார் தோட்டத்து வரப்பில் நின்றபோது, வீரம்மா மண்வெட்டியோடு தொட்டிக்கருகே காத்திருந்தார். கொய்யா தோளளவு வளர்ந்திருந்தது. அதைச் சுற்றி யாரோ பார்த்துப் பார்த்துச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். மார்க்கிரட் குனிந்து அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

வீரம்மாவின் இரண்டு வெட்டில் வேர் வெளியே வந்தது. மூட்டு வீக்கம் கண்ட விரல்கள் மாதிரி வேரெல்லாம் முடிச்சாக இருந்தது. தொட்டித் தண்ணீர் இதன் அடியில் தேங்கி, வாய்க்கால் வழியாக வரிசை வரிசையாக ஓடியிருந்தது. மிளகாய் வாடியதும் அதே வழியில்தான். வந்த வழியெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அக்கா, புது நாத்தும் நிக்காது. நான் சொன்னது தப்பு. இந்தக் கன்னு குடுக்கலாம்னு சொன்னதும் நான்தான். முந்நூறுல ஒண்ணைக்கூடக் கவுத்துப் பாக்கல."

வீரம்மா வேரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லோரி வரும் சத்தம் ரோட்டில் கேட்டது.

"அன்னிக்கு மேசையில பத்துக் கண்ணாடி இருந்திச்சு" என்றார் கடைசியில். "நீங்க ரெண்டுதான் பாத்தீங்க. நான் எண்ணிக்கிட்டுதான் நின்னேன். படிச்சவங்க, கேக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று மார்க்கிரட்டுக்குத் தோன்றியது.

"இப்ப எத்தனை பாத்தீங்க?"

"இருபது. மரபணு டெஸ்ட்டும் எடுத்தாச்சு."

"அப்ப இந்த மண்ணுல எது நிக்கும்?"

"கச்சான் கடலை நிக்கும். சோளமும் கிட்டத்தட்ட நிக்கும். இந்தப் புழுவுக்குக் கச்சான் ஆகாது."

வீரம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் லோரிக்குக் குறுக்கே நின்றார். "அண்ணே, எறக்காத! அப்படியே ரிவர்ஸ் எடு!" நாற்றைக் கோலா சிலாங்கூரில் வேறொரு தோட்டக்காரர் எடுத்துக்கொள்வதாக, பத்து மணிக்குள் பேசி முடித்தும் விட்டார். நிலம் சும்மா கிடந்தால்தானே நிலத்துக்காரன் வாய் திறப்பான்? அடுத்த வாரமே கச்சான் ஊன்றினார்.

அன்றைக்கே மார்க்கிரட் கல்யாணத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டார். கன்று கொடுத்தது தன் யோசனை, பார்க்காமல் விட்டது தன் தவறு, வேரில் ஒரு துண்டு வெட்டி அனுப்புங்கள், மண்ணை எங்கேயும் கொட்டாதீர்கள் என்று. முதல் பதில் லோகேஸ்வரியின் மாமனாரிடமிருந்து வந்தது: "எங்க மரம் காய்ச்சிருச்சே, புளிப்பா அசாம் பொடி போட்டுச் சாப்பிட்டோமே, ஒண்ணும் ஆகாதா?"

வேர்கள் வரத் தொடங்கின. கிள்ளான் சொந்தக்காரர்களிடம் வாங்கி, ஆள் பேர் எழுதிய பைகளாக வீரம்மாவே கொண்டுவந்தார். ஸ்டூலை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் அந்தக் கோடுகள் பழகிவிட்டன. "இது உருண்டை, இது சதுரம்" என்று மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துச் சரியாகவே சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம், அன்றைய கடைசிப் பை. மார்க்கிரட் ஒன்பது ஸ்லைடு பார்த்தார். ஒன்பதும் உருண்டை. மணி ஆறாகிவிட்டது, கொமுட்டரைப் பிடிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த வீரம்மா பத்தாவது ஸ்லைடை விரல் நுனியால் மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

மார்க்கிரட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்ன டாக்டர், அதேதானா?"

"இருங்கக்கா" என்றார். "இன்னும் பாத்து முடிக்கல."