நடுக்கோடு

திருச்செந்தூர்ச் சாலையோரத்துச் சிற்றூர் அது. ஊருக்கென்று இருந்தது ஒரே ஒரு செம்மண் மைதானம். காலையில் கிரிக்கெட், மாலையில் கிரிக்கெட், ஆளில்லாத வேளையில் சீட்டாட்டம். ஆண்கள் வியர்த்தால் அது உடற்பயிற்சி. பெண்கள் வியர்த்தால் அது ஒழுக்கக்கேடு!

இந்த அநீதியை ஒழிக்க நடையாய் நடந்த சுடலைச்செல்விக்கு, விளையாட்டுக் குழுத் தலைவர் எபனேசர் கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார்: பெண்களின் கபடி ஆட்டம் ஒன்று தகராறில்லாமல் நடந்து முடியட்டும், பிறகு மாலைப்பொழுது அவர்களுக்கே.

தகராறு வந்தால் போதும், மைதானம் கைமாறாது என்பது அவள் அண்ணன் லிங்கராஜுக்கு அன்றே விளங்கிவிட்டது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எபனேசரே நடுவர். சாத்தான்குளத்து அணியின் எல்லைக்குள் சுடலைச்செல்வி பாடிப் போயிருந்தாள். "கபடி, கபடி, கபடி..." அப்போதுதான் லிங்கராஜும் கூட்டாளிகள் மூவரும் ஸ்டம்புகளோடு உள்ளே பாய்ந்தார்கள். எதிரணிப் பெண்கள் சிதறி ஓடினார்கள்.

"ஏளா, அரைக்கால் சட்டையோட ஊருக்குக் கூத்தா காட்டுத? நட வீட்டுக்கு!"

பதில் சொன்னால் பாட்டு அறுந்துவிடும். அவள் பாடினாள். லிங்கராஜின் ஸ்டம்பு அவள் தோளில் இறங்கியது. அவன் முழங்காலில் ஓர் உதை விட்டால் சுருண்டு விழுவான். எங்கே உதைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த உதைக்குப் பெயர் தகராறு. அதற்கு விலை மைதானம்.

"கபடி, கபடி..."

லிங்கராஜ் சடையைப் பற்றி இழுத்தான். ஒருவன் இடுப்பை வளைத்தான். இருவர் கால்களைப் பிடித்தனர். முகம் தரையில் மோதிப் பல் ஒன்று உடைந்தது. செம்மண்ணில் இரத்தம் நிறம் காட்டவில்லை. தோழி முத்துக்கனி செங்கல்லை ஓங்கியபடி ஓடி வந்தாள். சுடலைச்செல்வி தலையை மட்டும் அசைத்தாள்: வேண்டாம்.

அண்ணன் அவள் வலக்கையை முறுக்கினான். தோளுக்குள் ஏதோ நழுவியது. தொண்டை வரை ஏறிய அலறலை அவள் மென்று, "கபடி" என்றே துப்பினாள். நால்வரையும் சுமந்து, இடக்கை நகங்கள் பெயரப் பெயர மண்ணைப் பிறாண்டி முன்னேறினாள். நடுவிலிருந்த சுண்ணாம்புக் கோட்டில் விரல் பட்டது.

விசிலைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்ற எபனேசர், "தகராறு ஆயிப்போச்சேம்மா" என்று முனகினார்.

"தகராறா? எங்கள்ல யாரு சார் திருப்பி அடிச்சா? என்னையப் பிடிச்சாங்க. மூச்சு விடாம கோட்டைத் தொட்டேன். பிடிச்சவங்க என்ன சார்?"

எபனேசர் கோட்டைப் பார்த்தார். அதில் அவள் விரல் பதிந்திருந்தது. விசில் காதைக் கிழித்தது.

"பிடிச்சவங்க அவுட். நாலு பேரும் வெளியே போங்க!"

வேலியோரம் வெடித்தது சிரிப்பு. "ஏலே லிங்கராஜு, பொம்பளப்பிள்ளைக ஆட்டத்துல அவுட்டாயிட்டியேலே! வெளிய வாலே!"

லிங்கராஜ் மீண்டும் ஸ்டம்பை ஓங்கினான். பின்னால் பார்த்தான். கூட்டாளிகள் தலைகுனிந்து ஏற்கெனவே வேலியைத் தாண்டியிருந்தார்கள். ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது. அவனும் நடந்தான்.

எபனேசர் நீண்ட விசில் ஊதினார். "ஆட்டம் முடிஞ்சுது. நாளையிலிருந்து சாயங்காலம் மைதானம் உங்களுக்கு."

அதன் பிறகுதான் சுடலைச்செல்வி தோளைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்க, அலறினாள்.