எல்லோருக்கும் நிறுவப்பட்ட தாள்

காலை மணி பத்து இருபத்தேழு. மெல்லிய தூறல், காற்று இல்லை. புதிய அச்சு இயந்திரத்துக்கான மென்பொருளை நிறுவ, அதன் நிறுவி, அதாவது இன்ஸ்டாலர், வழக்கம்போல் ஆளாக நேரில் வந்து, எங்கள் மாவட்ட அதிகாரி தேவசகாயத்தின் நாற்காலியில் அமர்ந்தார். திரையில் நூறு விழுக்காடு ஆகும்வரை மாவட்டத்தின் எல்லா அதிகாரமும் நிறுவிக்கே உரியது. அதுவரை அதிகாரி சன்னலோரம் நிற்பார்.

நிறுவியிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதிலுள்ள தலைப்புடைய தாள் மேசைத் தட்டில் கிடந்தால், வைத்தவர் யார் என்று பாராமல் அதை நிறைவேற்றிவிடுவார். தட்டில் யாரும் தாள் வைக்கலாம். இதைக் குறிப்பிட்டுத் தலைமையகத்துக்கு மூன்று முறை எழுதினேன். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

பதிவறை எழுத்தர் உமையாளைக் கூடலூருக்கு மாற்றியிருந்தார்கள். அன்று மாலையே புறப்பட வேண்டும். மறுநாள் அவர் மகள் இலக்கியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்குகிறது. வீட்டில் வேறு துணையில்லை.

"எத்தனை ஆச்சு, பக்கிரி?" என்றார் அதிகாரி.

"நாப்பத்தி மூணு சார். நில்லுங்க, காலுக்கு நல்லது" என்றார் ஓட்டுநர் பக்கிரி.

உமையாள், பட்டியலில் இருந்த 'அச்சு உதவிக் கோப்பு' என்ற தலைப்பையே இட்டு, ஒரு தாளைத் தட்டில் வைத்தார். 'உள்ளூரிலேயே பணி, நாளை இலக்கியாவைத் தேர்வுக்கு அழைத்துச் செல்லுதல்' என்று அதில் எழுதியிருந்தார். நிறுவி அதை எடுத்தார்.

"உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

எங்கள் அலுவலகத்தில் தேநீர்கூட யாரும் தமக்கு மட்டும் சொல்வதில்லை. உமையாள் கூச்சத்துடன், "எல்லாருக்குமே வைங்க சார்" என்றார்.

"அக்கா, டீன்னு நெனச்சிட்டீங்க" என்றார் பக்கிரி.

முத்திரை விழுந்துவிட்டது. மாற்றல் உத்தரவு ரத்தானது. பதினொன்று பத்துக்கு நூறு ஆயிற்று, தேவசகாயம் அமர்ந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உமையாள் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பினார். பக்கிரி அவர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். தேவசகாயம் இரண்டு குடைகளுடன் வந்தார். நான் கறுப்பு மைப் பேனாக்களை எழுதிப் பார்த்து, தடங்கலில்லாத மூன்றை எடுத்துச் சென்றேன். நிறுவி எங்களுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லாருக்கும் என்றதில் இலக்கியாவும் அடக்கம்; அவள் ஆறரைக்கே தன்னைத் தானே அழைத்துச் சென்று, பள்ளி வாசலில் விட்டு, பதறாமல் எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தாள். அவள்தான் எங்களுக்குக் கதவைத் திறந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.