ஒரே சீராக ஒரு நனைப்பு

தம்பி அக்காவின் முகம் பார்த்துப் பேசி வெகு நாளாயிற்று. எல்லாம் தண்ணீரால் வந்த வினை. அப்பா விட்டுப்போன நிலத்தில் தூரத்துப் பாதி அவளுக்கு, சாலையோரப் பாதி அவனுக்கு. தண்ணீர் பாய்ச்ச இருவருக்கும் சேர்த்து ஒரே தெளிப்பான் வண்டிதான்; அதை இயக்குவது அவள். சாலையோரம் நிற்கும் பெரிய உருளை குழாயைச் சுற்றி இழுக்க, வண்டி நிலத்தின் கோடியிலிருந்து தண்ணீரை வீசிக்கொண்டே வரும்.

அவள் பக்கத்து மக்காச்சோளம் தளதளவென்று நின்றது. அவன் பக்கம் வாடி வதங்கியது. "எம்பக்கம் வந்தா மட்டும் வண்டிய வேகமா முடுக்கிவிடுறா" என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று இவளும் பதிலுக்குச் சொல்லிவைத்தாள். நாக்கு நீளத்தில் இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

போன முறை அவன் வண்டிப் பாதை நெடுகக் காலி டப்பாக்களை வைத்துவிட்டான். அவள் பக்கத்து டப்பாக்களில் பாதிக்கு மேல் தண்ணீர். அவன் பக்கத்தில் அடி மறைந்திருந்தால் பெரிது. உருளையின் பக்கத்திலேயே நின்று பார்த்தபிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. குழாய் அடுக்கடுக்காக ஏற ஏற உருளை பருத்தது. பருத்த உருளை ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக இழுத்தது. வண்டி தம்பியின் பங்கில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது. யாரும் திருடவில்லை. ஆனாலும் இத்தனை நாள் அவன் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது தன் பயிர்தான் என்று அவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

இப்போது கதிர் பால் பிடிக்கிற நேரம். வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குட்டையில் கடைசித் தண்ணீர். வானத்தில் மேகத்தின் வாடைகூட இல்லை.

"எவ்வளவு தேறும்?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் பங்கு நல்லா நனையும்," என்றான் தம்பி, செருப்பைப் பார்த்தபடி. "ரெண்டுக்கும் விட்டா மேலாகத்தான் நனையும். வேருக்கு எறங்காது."

'என் பங்கு போனாப் போகுது, நீ எடுத்துக்கோ' என்பது சின்ன வாக்கியம்தான். அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் வீட்டில் உலை வைக்க இந்தச் சோளத்தை விட்டால் வேறு கதியில்லை. அவனுக்கும் அதே நிலைமைதான்.

"சமமா விடலாம்," என்றாள் கடைசியில்.

"சரி," என்றான் அவன், சட்டென்று.

உருளை பருக்கப் பருக்க அவள் வேகக் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். கை மரத்துப்போயிற்று. கண்ணை எடுக்கவில்லை. வண்டி உருளையை வந்து தொட்டதும் குட்டையும் வற்றியது. தம்பி இந்த முறையும் வைத்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஒரு சொட்டு வித்தியாசமில்லக்கா."

அவன் வாயிலிருந்து அக்கா என்ற சொல்லைக் கேட்டு அவளுக்கு அழுகை முட்டியது. உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினாள். நகக்கண் அளவுதான் ஈரம், அதற்குக் கீழே புழுதி. எழுந்து போய் அவன் பங்கிலும் கிளறினாள். அங்கேயும் அதேதான். இரண்டு பாதியும் போயிற்று.

தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ விட்டுக்குடுப்பேன்னு நெனச்சேன்," என்றான் மெதுவாக.

"நானும் ஒன்ன அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் அக்கா.