வாசலில் போட்ட கையெழுத்து

புதுக் கல்யாண மண்டபத்துக்கு ஐந்து வருஷம் வரி விலக்குக் கொடுத்த பஞ்சாயத்து, அதே கையோடு நர்ஸ் வரும் வண்டியை நிறுத்திவிட்டது. கேட்டதும் சுகிர்தபாய் ஆபீசுக்குக் கிளம்பினாள். கொத்து வேலைக்குப் போன கணவர் ராபின்சன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுக் கிடக்கிறார். மூத்திரக் குழாயை மாற்ற அந்த வண்டியில்தான் நர்ஸ் ஷிஜா வருவாள். நாளைக்கு மாற்றுகிற நாள்.

பஞ்சாயத்து ஆபீசில் வார்டு மெம்பர் சஜு பருப்பு வடை தின்றுகொண்டிருந்தான். ஓட்டுக் கேட்டு வந்த அன்று ராபின்சனின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணியவன்.

"எலே சஜு, ஏசி மண்டபத்துக்கு வரி வேண்டாம். கிடப்புல கெடக்கவனுக்கு வண்டியும் வேண்டாமோ?"

"அக்கா, தொழில் வந்தாத்தான் நாடு நல்லாவும். வரவு கொறஞ்சா செலவையும் கொறைக்காண்டாமா? இது நாங்களா செஞ்சதில்ல, கிராமசபை பாஸாக்கினதாக்கும்."

எண்ணெய்க் கையைத் திட்ட அறிக்கையிலேயே துடைத்துவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினான். வண்டி நிறுத்தம், வரி விலக்கு, இரண்டுக்கும் எல்லாருக்கும் சம்மதம் என்று மலையாளத்தில் அழகாக எழுதியிருந்தது. கீழே பதினாலாவது கையெழுத்து அவளுடையது.

இந்த எல்லையோர ஊர்களில் கிராமசபை என்றால் அப்படித்தான். ஸ்கூல் வாசலில் மேசை போட்டு ரெஜிஸ்டரை வைத்திருப்பார்கள். கையெழுத்து இல்லையென்றால் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலை போய்விடுமோ என்று பயந்து போட்டுவிட்டு, பாதிப் பெண்கள் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். ராபின்சன் தனியாகக் கிடக்கிறாரே என்று அன்று அவளும் ஓடினாள். அப்போது ரெஜிஸ்டரில் கையெழுத்துகளுக்கு மேலே ஒரு எழுத்துகூட இல்லை.

"நான் போடும்போ மேல ஒண்ணும் இல்லியே!"

"கூட்டம் முடிஞ்சப்பொறவுதான எழுதுவாவ?"

"என் பேர வெட்டுலே."

"சர்க்கார் ரெஜிஸ்டராக்கும், வெட்டப்பிடாது. ஞாயிறாச்ச மண்டபம் தொறப்பு, பிரியாணி உண்டு. வாருங்கோ."

"தூ!" என்றாள். அவனுக்கு உறைக்கவில்லை, இன்னொரு வடையை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். அருவருப்பு போகவில்லை.

"நாளைக்கு ஷிஜா வருவாளாட்டீ?" என்று உள்ளேயிருந்து ராபின்சன் கேட்டார்.

"வரமாட்டா. வண்டிய நிறுத்திட்டாவ."

"எந்தப் பாவியாக்கும் நிறுத்தினது?"

ஈரக் கையோடு வந்து கட்டிலருகே நின்றாள்.

"நானாக்கும்" என்றாள்.