பக்கத்துக் கதவின் நீலம்

"அண்ணன் சாயங்காலம் வந்துடுவார் அண்ணி! அவர் காரை நான் இடிச்சது தெரிஞ்சா, இனி சாவியைக் கண்ணுலயே காட்ட மாட்டார்" என்று நாத்தனார் புலம்பினாள்.

கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் அண்ணி விடுவதாக இல்லை. ஒடுக்கை நிமிர்த்திய முன்கதவின் புது நீலம், வெயிலில் வெளுத்த பின்கதவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. நிறத்தைத் திருத்திக் கலந்து முன்கதவில் மறுபடி அடித்தாள். அப்படியே ஸ்பிரே கன்னைப் பின்கதவுக்கும் திருப்பினாள்.

"ஐயோ, நல்லா இருக்கிறதை ஏன் கெடுக்கறீங்க?"

"சும்மா இருடி! கதவோட நிறுத்தினா கண்ணு அங்கேயே போய் நிக்கும். மெல்லிசா இழுத்துவிட்டா, புது பெயிண்ட் எங்கே முடியுதுன்னே தெரியாது."

பெயிண்ட் காய்ந்ததும் வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். நாத்தனார் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, நான் எந்தக் கதவை இடிச்சேன்?"

"இதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட கேட்டு வைக்காதே!"