இரண்டு புள்ளி ஆறு

ஓரகத்தி மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே பெரியவளுக்கு வயிறு எரியும். மொத்தம் இருபத்திரண்டு படி. தபால் பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்தும், மூச்சு வாங்காமல் ஏறுவாள் சின்னவள். அவளைவிட இரண்டே வயது மூத்த பெரியவளுக்குக் கீழ்வீடு. அலுவலகத்தில் நாற்காலி, வீட்டில் சோபா.

"அவ இரும்பு மாதிரி இருக்கா" என்று புருஷன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பாலும் முட்டையும் கால்சியம் மாத்திரையும் கமுக்கமாக உள்ளே போயின. நடக்க மட்டும் மாட்டாள். நடந்தால் அவளைப் பார்த்துக் காப்பியடித்ததாக ஆகிவிடுமே.

இருவரும் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று சீட்டை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். சின்னவளுக்கு 0.4. பெரியவளுக்கு 2.6. தன் எண்ணுக்கு முன்னால் இருந்த சின்னக் கோட்டைப் பெரியவள் மதிக்கவில்லை. அலுவலகப் பட்டியல்களில் எதற்கும் முன்னால் ஒரு கோடு போடுவது அவளுக்கே பழக்கம்.

பஸ்ஸில் ஆரம்பித்தாள். "உனக்கு அரைகூடத் தேறலையேடி! தெருத்தெருவா அலைஞ்சு என்ன பிரயோஜனம்?"

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பெரியவள் அதை ருசித்தாள்.

வீட்டு வாசலில் மாடிக்கு வந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் நின்றது.

"தள்ளு, நான் தூக்கறேன். ரெண்டு புள்ளி ஆறாக்கும்!" பெரியவள் குனிந்தாள்.

சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாங்கக்கா."

"ஏன், பொறாமையா?"

"அந்தக் கோடு மைனஸ்க்கா. சீட்டு குடுத்த பொண்ணு சொன்னா. மைனஸ் ரெண்டரைக்குக் கீழ போனா எலும்பு பொத்தல் விழுந்துடுச்சுன்னு அர்த்தமாம். இப்படிக் குனிஞ்சு தூக்கினா முதுகெலும்பே நொறுங்கிடலாம்."

"பஸ்ல ஏண்டி சொல்லலை?"

"ரொம்ப நாள் கழிச்சு சந்தோஷமா இருந்தீங்க. டாக்டரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

சின்னவள் ஜெயித்ததைக்கூட மன்னித்திருப்பாள். இரக்கப்பட்டதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் மருந்து எழுதினார். "கால்சியம் மட்டும் விழுங்கினா போதாதும்மா. எலும்பு மேல உடம்போட பாரம் விழணும், அப்பதான் அது கெட்டியா நிக்கும். தினம் நடங்க. இதயத்துக்கும் அதான் நல்லது. துணைக்கு ஆள் இருக்கா?"

"இல்லை" என்றாள் பெரியவள்.

"இருக்கேன்" என்றாள் பின்னாலிருந்த சின்னவள்.

மறுநாள் காலை, முன்னால் போகும் குதிகால்களை முறைத்தபடியே பெரியவள் நடந்தாள். இரண்டாவது தெருமுனையில் சின்னவளின் நடை தளர்ந்தது.

"எனக்காக மெதுவாப் போனே, கொன்னுடுவேன்!"

சின்னவள் நடையை எட்டிப் போட்டாள். பெரியவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் போட்டாள்.