கச்சானுக்கு எதிரே நான்கு கட்டை

இந்தக் கரையில் திறமான பாயோட்டி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என்னைத்தான் காட்டும். அந்த விரலுக்காகவே ஐம்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவன் நான், அதை மறைப்பானேன்? ஆனால் 1992ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மீனவர் சங்கக் கட்டடத்தின் முன்னால் இருபது விரல்கள் ஒரே நேரத்தில் என்னை நோக்கி நீண்டபோது பக்கத்தில் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

என் தங்கை மக்டலீனின் புருஷன் நீக்கிலாப்பிள்ளையை இயக்கப் பெடியள் விசாரணைக்குக் கொண்டுபோய் இரண்டு நாளாகியிருந்தது. அப்போது குடாநாட்டை விட்டு வெளியேற வேண்டுமென்றால் அவர்களிடம் பாஸ் எடுக்கவேண்டும். இளந்தாரிகளுக்குப் பாஸ் கிடையாது. தெருவெல்லாம் காவல். எங்கள் கரையிலிருந்து கிழக்கே நான்கு கட்டை, அதாவது நான்கு மைல், தள்ளிப் பரவைக்கடலுக்குள் ஒரு கண்டல் மரத் திட்டி இருக்கிறது. அதுவரை யாராவது கொண்டுபோய் விட்டால், அக்கரை வள்ளம் வந்து ஏற்றிக்கொள்ளும். புதன்கிழமை காலை ஆறரைக்கு ஒரு வள்ளம் உரும்பிராய்ப் பெடியன் ஒருவனை அங்கே இறக்கியதைத் தூரத்தில் நின்ற எவனோ கண்டிருக்கிறான். சதுரப் பாய், அதில் மாவுச் சாக்கு ஒட்டு. நீக்கிலாப்பிள்ளையின் பாயிலும் மாவுச் சாக்கு ஒட்டுத்தான். மண்ணெண்ணெய்த் தடை வந்தபிறகு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பாயைத் தைத்துக் கட்டியவர்கள் நாங்கள். கரையில் பாதிப் பாய்கள் அப்படித்தான். என்றாலும் சந்தேகம் அவன்மேல் விழுந்துவிட்டது. போன மாதம் இதே குற்றத்துக்குக் கொண்டுபோன ஒருவர் வீடு திரும்பவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே சாட்சி காற்று. புதன்கிழமை பத்து மணிக்கு அவன் மீன் ஏலத்தில் நின்றதை ஊரே கண்டது. அதை வைத்துத்தான் சங்கத் தலைவர் இயக்கப் பொறுப்பாளரிடம் வாதாடினார்.

"தம்பி, திட்டிக்குப் போறது முக்கால் மணித்தியாலம். காத்தே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வாறதெண்டால் கச்சான் காத்து நேரை முகத்திலை அடிக்கும். சதுரப் பாய் காத்துக்கு எதிரை ஏறாது. பத்து மணிக்கு ஒருத்தனும் வந்து சேர ஏலாது."

விசாரணைக்குப் பொறுப்பாக வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாதவன். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"ஏறுமோ ஏறாதோ எண்டு வாயாலை ஏன் கதைப்பான்? ஓடிப் பாப்பம்," என்றான். "இஞ்சை ஆர் திறம் ஓட்டி?"

அப்போது நீண்டவைதான் அந்த விரல்கள்.

"நல்லது. நாளைக்குக் காலமை ஆறரைக்குத் திட்டியிலை இருந்து. அவரின்ரை வள்ளம், அவரின்ரை பாய். நானும் வாறன். பத்துக்கு முன்னம் கரை பிடிச்சால் செய்தது அவர்தான். பிடிக்காட்டில் விடுறன்."

அன்று பின்னேரம் மக்டலீன் என் வீட்டுக்கு வந்தாள். நாலு வருஷமாக அவள் புருஷன் என் படலையைத் திறந்ததில்லை. காரணம் நான்தான். அவன் மூத்த மகளின் முதல் நன்மை விருந்தில், சபை நிறைந்திருக்க, "நீக்கிலாப்பிள்ளை பாய் விரிச்சால் காத்துக்கே வெக்கம் வரும்" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழும்பி வெளியே போனான். சொன்னதில் பொய்யில்லையே என்று இத்தனை வருஷமும் வீம்பாகவே இருந்தேன்.

மக்டலீன் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, அவர்தான் கொண்டுபோனவர்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "அப்ப எப்பிடிப் பத்து மணிக்கு வந்தவன்?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பெடியன்ரை தாய் ஒரே பிள்ளையெண்டு அழுததாம், ஏத்தினாராம். அவ்வளவுதான் தெரியும். நீங்கள் நாளைக்கு மெல்லமா ஓட்டுங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

இரவு முழுக்கக் கணக்குப் பார்த்தேன். வள்ளம் திருப்பத் தெரியாத அவனே மூன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டான் என்றால், நான் மூன்றில் வந்துவிடுவேனே! தங்கையைக் கைம்பெண்ணாக்கும் கெட்டித்தனம் எனக்கு எதற்கு? கள்ளமாக ஓடுவதென்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலையும் கச்சான்தான். மேற்கிலிருந்து ஒரே சீராக, புதன்கிழமை அடித்த அதே பலத்தோடு. திட்டியில் பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறரை, எடுங்கோ" என்றான். வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும். அவன் இடுப்பில் பிஸ்டல் இருந்தது.

சதுரப் பாயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பின்னால் காற்று வந்தால் அது ராசா. எதிரே வந்தால் பிச்சைக்காரன். பாய் தொங்கும் குறுக்குத் தடியைப் பருமல் என்போம். அதை எவ்வளவு சரித்து இழுத்தாலும் வள்ளம் நேரே போகாது. பக்கவாட்டில்தான் போகும், போகும்போதே காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். பிறகு மறுபக்கம் திருப்பவேண்டும். காற்றுக்குள் முகத்தைக் கொடுத்துத் திருப்பினால் பாய் மரத்தோடு ஒட்டி வள்ளம் செத்துவிடும். ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி, பின்னால் ஓடிச் சுற்றித்தான் திருப்பவேண்டும். அந்தச் சுற்றில் சேர்த்ததில் பாதி போய்விடும். முழம் ஏறிச் சாண் சறுக்குவது நல்ல நாளில். கெட்ட நாளில் சாண் ஏறினால் முழம் சறுக்கும்.

முதல் ஓட்டத்தில் பருமல் கயிற்றை ஒரு கை அளவு தளர்த்தி விட்டேன். வெளிப்பார்வைக்குத் தெரியாது. பாய் நிறைந்துதான் நிற்கும், வள்ளம் மட்டும் நண்டு போலப் பக்கமாக நகரும். கரையில் ஒரு மொட்டைப்பனை நின்றது. முதல் திருப்பம் முடிந்தும் அது அதே இடத்தில் நின்றது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பொறுப்பாளர் எழும்பி வந்து கயிற்றைத் தன் கையில் எடுத்தான். ஒரு கை அளவு இழுத்துக் கட்டினான்.

"அண்ணை, எங்கடை மாமா வடமராட்சியிலை பாய் ஓடினவர். ஆழ்கடல். எனக்குக் கொஞ்சம் விளங்கும்," என்றான். "இன்னொருக்கால் இது தளர்ந்தால் கணக்குப் பாக்கமாட்டன். அவர் இருக்கிற அறையிலை உங்களுக்கும் இடமிருக்கு. அவர் செய்தவரெண்டும் முடிவு."

கயிறு அதன்பிறகு அவன் கையில்தான் இருந்தது. சுக்கான் மட்டும் என்னிடம். இனி உண்மையாகத்தான் ஓடவேண்டும். மாதாவே, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறக்கப் பண்ணு என்று வேண்டிக்கொண்டே, தெரிந்ததையெல்லாம் செய்தேன்.

எட்டு மணியளவில் காற்று கொஞ்சம் தெற்கே சாய்ந்தது. வள்ளம் மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியது. மொட்டைப்பனை பின்னால் போயிற்று, அடுத்த வடலிக்கூட்டமும் போயிற்று. சுக்கான் என் கைக்குள் துடித்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு ஓட்டம்!

"ஏறுது அண்ணை!" என்றான் அவன்.

"ஏறாமல்? ஆர் பிடிக்கிறது?" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். தங்கையின் புருஷனின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நான் கெட்டிக்காரப் பட்டத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டரை. இரண்டு கட்டை தாண்டவில்லை, ஆனால் காற்று இப்படியே நின்றால் பத்துக்குள் கரை பிடித்துவிடுவோம்.

காற்று அப்படி நிற்கவில்லை. மறுபடி நேர் மேற்குக்கு வந்து மூஞ்சியில் அடித்தது. திருப்பினேன், இழந்தேன். மறுபடி திருப்பினேன். என் முழு வித்தையையும் காட்டினேன். வடலிக்கூட்டம் மறுபடி முன்னுக்கு வந்து நின்றது. அப்போதுதான் விளங்கியது. நான் மெல்ல ஓடத் தேவையே இல்லை. என்னால் இது ஏலாது. அப்படியென்றால் அவன் எப்படி வந்தான்?

கரையை ஒட்டிய அடுத்த திருப்பத்தில் வள்ளம் சேற்றில் தட்டி நின்றது. ஆடி மாதத்தில் பரவைக்கடல் வற்றியிருக்கும். நான் மரக்கோலை எடுக்குமுன் பொறுப்பாளர் காற்சட்டையை மடித்துக்கொண்டு குதித்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்குத்தான் வந்தது. வள்ளத்தின் முன்பக்கத்து அணியக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பாரம் குறைந்த வள்ளம் சேற்றை விட்டு, கன்றுக்குட்டி போல அவன் பின்னால் வந்தது. ஆச்சரியத்தில் அவன் இன்னும் இரண்டடி வைத்தான். வள்ளமும் கூடவே வந்தது. மேற்கே பார்த்தான். கரையை ஒட்டி, வெளிறிய ஆழமில்லாத் தண்ணீர், எங்கள் துறை வரைக்கும் ஒரு தெருவைப் போலக் கிடந்தது.

அவன் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். திரும்பி வரும்போது நீக்கிலாப்பிள்ளை பாயே விரிக்கவில்லை. பாயையும் பருமலையும் இறக்கி வள்ளத்துக்குள் போட்டுவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டு, நான்கு கட்டையும் நடந்து இழுத்து வந்திருக்கிறான். எங்கள் கரையில் அது சாவுக்குச் சமமான வெட்கம். வள்ளத்தை மாடு மாதிரி இழுத்து வந்தவன் என்று பெயர் எடுப்பதைவிட, காற்று மாறும்வரை திட்டியில் பட்டினி கிடப்போம். அதனால்தான் சங்கத்தில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆழ்கடல்காரப் பெடியனுக்குக் கடலில் நடக்கலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. இன்னும் நாலு அடி நடந்தால் முழுவதும் தெரிந்துவிடும்.

"ஏறும் தம்பி! திருக்கை!" என்று கத்தினேன்.

"என்ன?"

"சேத்துக்குள்ளை திருக்கை புதைஞ்சு கிடக்கும். மிதிச்சால் முள்ளாலை அடிக்கும். போன கிழமை ஒருத்தன்ரை கால் நீலம் பாரிச்சுப் போச்சு. ஒருத்தரும் இதுக்குள்ளை கால் வைக்கிறேல்லை. கெதியா ஏறும்!"

திருக்கை இல்லாத கடலில்லை. கால் நீலம் பாரித்தவன்தான் இல்லை. அவன் ஒரே தாவலில் வள்ளத்துக்குள் விழுந்தான். நான் மரக்கோலை ஊன்றி ஆழத்துக்குத் தள்ளினேன். அதன்பிறகு கரைப்பக்கம் போகவே இல்லை. கரை பிடித்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

சங்கக் கட்டடத்து முன்னால் ஊரே நின்றது. நீக்கிலாப்பிள்ளையைக் கொண்டுவந்து மணலில் இருத்தியிருந்தார்கள். சாரத்தால் காலை மூடிக்கொண்டு குந்தியிருந்தான். முகம் வீங்கியிருந்தது. மக்டலீனும் மூத்த மகள் ஸ்ரெல்லாவும் தள்ளி நின்றார்கள்.

"அண்ணை நேர்மையாத்தான் ஓடினவர். நான் பக்கத்திலை இருந்தனான்," என்றான் பொறுப்பாளர். சங்கத் தலைவர் மூச்சு விட்டார். பொறுப்பாளர் முடிக்கவில்லை. "ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அண்ணைக்கு ஏலாதது இவருக்கு ஏலுமோ? இவர் அண்ணையை விடத் திறம் ஓட்டியா இருந்தால்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது எனக்கு நன்றாகப் பழகிய வழி.

"உவனோ?" என்றேன். "உவனுக்கு வள்ளம் திருப்பவே தெரியாது தம்பி. உவன் பாய் விரிச்சால் காத்துக்கே வெக்கம் வரும். என்ரை தங்கச்சியைக் கட்டினதாலை உவனைக் கடல்காரனெண்டு சொல்லுறம். வேறை ஒண்டுமில்லை. ஊரைக் கேட்டுப் பாரும்."

மீன் விற்கும் லூர்த்தம்மா முதலில் சிரித்தாள். "ஓம் தம்பி, உவர் ஒருக்கால் வள்ளம் திருப்பி முடிக்க எங்கடை பூசை முடிஞ்சிடும்." கூட்டம் முழுதும் சிரித்தது. பயம் தெளிந்த சிரிப்பு, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். ஸ்ரெல்லா மட்டும் தகப்பனைப் பார்த்தபடி நின்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை.

பொறுப்பாளர் அவன் பக்கம் திரும்பினான். "மெய்யோ?"

நீக்கிலாப்பிள்ளை மகளை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்தான்.

"ஓம்," என்றான். "எனக்கு ஓடத் தெரியாது."

பொறுப்பாளர் கையால் போகச் சொன்னான்.

கூட்டம் மறைக்க, ஒருபக்கம் மக்டலீனும் மறுபக்கம் நானுமாக அவனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திண்ணைக் குந்தில் இருத்தி மக்டலீன் அவன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்க ஊரியும் சிப்பியும் கிழித்த காயம், சீழ் வைத்திருந்தது. வலத்தோளில் கயிறு அறுத்த தடம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுடுதண்ணீர் வைக்க ஓடினாள்.

நான் அவன் முன்னால் மணலில் இருந்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்தான்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். அங்கை சொன்னது என்னைக் காப்பாத்தச் சொன்னதோ, மெய்யாவே சொன்னதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து எத்தனையோ சொல்லியிருந்தேன்.

"இண்டைக்குக் காலமை ஒன்பது மணி வரைக்கும் மெய்யாத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்," என்றேன். "மன்னிச்சுக்கொள் மச்சான்."

அவன் வாசலில் நின்ற ஸ்ரெல்லாவைப் பார்த்தான். அவள் உள்ளே வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் பூசையிலும் இனி அவள் காதில் விழப்போவது லூர்த்தம்மாவின் சிரிப்புத்தான். தகப்பன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்கு எங்களால் சொல்ல முடியாது. சொன்னால் அது ஒருநாள் வாய் தவறி வெளியே வரும். மக்டலீன் கொண்டுவந்த சுடுதண்ணீரை வாங்கி, அவன் கால்களை என் மடியில் வைத்து நானே கழுவினேன். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. மாமா ஏன் அழுகிறார் என்று அது கேட்கவில்லை.